ஒரு சிலர்

தை கடைசி முகூர்த்தம், விடிகாலை நாலேகால்.
மாட்டுத்தாவணியில் மல்லி கிலோ இரண்டாயிரத்து நானூறு.
எங்கள் செயலியில் தொள்ளாயிரம்.
அது முந்தாநாள் விலை.

ஏழு மணிக்கு வந்தது அந்த வீடியோ.
செக்கானூரணிப் பக்கம், செடிகளுக்கு நடுவே நின்று
ஒச்சம்மா போனைத் தூக்கிக் காட்டுகிறார்:
"இதப் பாத்துத்தான் தேடி வந்த யாவாரிக்கு
பதினோரு கிலோவ அள்ளிக் குடுத்தேன்.
கம்பெனிக்காரன் வீட்டு விசேஷத்துக்கு
ஓசிப் பூ வேணும்னா வாய்விட்டுக் கேட்ருக்கலாம்ல?"
பத்து மணிக்குள் நாற்பதாயிரம் பேர்
பார்த்துச் சிரித்திருந்தார்கள்.

என் வேலை மக்கள் தொடர்பு. இணையப் பிரிவு.
பிரிவில் இருப்பது நான் மட்டும்.
எல்லீஸ் நகரில் ஒரு பரோட்டாக் கடைக்கு மேல் மாடி.
கீழே அவர்கள் கொத்துகிற தாளத்துக்கு
மேலே நான் "முன்னணி", "முதன்முறை", "புரட்சி" என்று
கொத்திப் போட்டுக்கொண்டிருப்பேன்.
நாருக்கும் மணம் உண்டு என்று எழுதி
ஐந்து வருஷமாகச் சம்பளம் வாங்குகிறேன்.

"செயற்கை நுண்ணறிவு விலை சொல்லும்" என்பதும் என் வரிதான்.
நுண்ணறிவின் பெயர் சிக்கந்தர்.
ராத்திரி இரண்டு மணிக்கு மொபெட்டில் போய்
மண்டி மண்டியாய்க் கேட்டு, தட்டி, ஏற்றிவிட்டு வருவான்.
இரண்டு நாளாய் அவனுக்கு டெங்கு.
பெரியாஸ்பத்திரியில் குளுகோஸ் ஏறுகிறது.
விலை ஏறவில்லை.

பத்தேகாலுக்கு முதலாளி துளசிராம் வந்தார்.
"சர்வர்னு போட்டுரு."
சர்வருக்கு முகம் கிடையாது, ஊர் கிடையாது.
எழுதினேன்:
"சர்வர் கோளாறினால் ஒரு சிலருக்கு ஏற்பட்ட
அசௌகரியத்துக்கு வருந்துகிறோம்."
வாசித்துப் பார்த்தேன். வழுக்கிக்கொண்டு போனது.
இந்த ஊரில் சர்வர் என்றால்
தோளில் துண்டோடு சட்னி ஊற்றுகிறவர்.
பாவம், அவர் என்ன செய்தார்?

"ஒரு சிலர்" என்ற இடத்தில் விரல் நின்றது.
ஒச்சம்மா ஒன்று.
மிச்சம்?
பட்டியலைத் திறந்தேன்.
அந்தக் காலையில் விலை பார்த்தவர்கள் இருநூற்றுப் பதினேழு பேர்.
வலையங்குளம், சிலைமான், காரியாபட்டி, உசிலம்பட்டி.
ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் ஈரத்துணி மூடிய ஒரு கூடை.

அழித்துவிட்டு எழுதினேன்:
"எங்கள் செயலியில் விலை போடுவது ஒரு ஆள்.
அவருக்குக் காய்ச்சல். மாற்று ஆள் நாங்கள் வைக்கவில்லை.
பழைய விலை என்று ஒரு வரிகூடப் போடவில்லை.
அதை நம்பி விற்றவர்கள் கூப்பிடுங்கள்,
வித்தியாசத்தைத் தருகிறோம்.
நுண்ணறிவு என்று சொன்னது நான்."
கீழே என் பெயர், என் நம்பர்.

துளசிராம் இரண்டு தடவை வாசித்தார்.
"பணம் போட்ட பெங்களூர்க்காரங்க பாப்பாங்களே?"
"வீடியோவ ஏற்கெனவே பாத்துட்டாங்க சார்."
நிமிர்ந்து மின்விசிறியைப் பார்த்தார்.
பார்த்தபடியே கையை ஆட்டினார்.
போடு என்றா, போ என்றா, தெரியவில்லை.
போட்டேன்.

பிறகு போனைக் கீழே வைக்கவில்லை.
வைதவர்கள் எண்பது பேர் இருக்கும்.
ஒருவர் பூவே விற்காமல் வித்தியாசம் கேட்டார்.
அறுநூறு பேர் செயலியை அழித்துவிட்டார்கள்.
எத்தனை பேர் திரும்புவார்கள் என்று காட்ட
என்னிடம் வரைபடம் எதுவும் இல்லை.
ஒரு மண்டிக் கணக்குப்பிள்ளை மட்டும்
"அந்தத் தம்பி வர்ற வரைக்கும் நான் சொல்றேன், எழுதிக்க" என்று
மல்லி, பிச்சி, கனகாம்பரம், சம்பங்கி
வரிசையாய் ஒப்பித்தார்.

விளக்கு வைக்கிற நேரத்தில் ஒச்சம்மா.
வீடியோவில் கேட்ட குரல் இல்லை.
"காச்சக்காரப் புள்ளைக்கு இப்ப எப்படி இருக்கு?"
எழுந்து உட்கார்ந்துவிட்டான் என்றேன்.
"நெலவேம்பு குடுக்கச் சொல்லு."
கொஞ்ச நேரம் பேச்சில்லை.
அந்தப் பக்கம் மோட்டார் ஓடுகிற சத்தம்.

"பதினாறாயிரத்தி ஐநூறு.
எப்ப வரும்?"